சர்வேயரா, இன்ஜினியரா? யாரை முதலில் அழைப்பது?

வேலூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் தனியார் மருத்துவமனையில் செவிலியர். கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. காட்பாடியை அடுத்த ஒரு நகரில் 22 ஆண்டு பழைய வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். முத்திரைத்தாளில் எழுதிய மூன்று மாத ஒப்பந்தத்தில் ஐந்து வாரம் ஓடிவிட்டது. பத்திரத்தில் மனை கிழமேல் 30 அடி, தென்வடல் 45 அடி, ஆக 1,350 சதுர அடி. பட்டாவில் இருப்பதோ 1.17 ஏர்ஸ். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர், "இந்தக் காம்பவுண்டு சுவர் என் மனைக்குள் இரண்டு அடி வந்திருக்கிறது" என்கிறார். விற்பவர் அதைப் பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிடுகிறார். டேப் வைத்துப் பார்த்தால் சுவருக்குச் சுவர் 30 அடி சரியாக இருக்கிறதாம். கொழுந்தனார் செல்போன் ஆப்பைப் போட்டுக்கொண்டு மனையைச் சுற்றி நடந்ததில் 1,340 சதுர அடி வந்ததாம்.

வீட்டைப் பற்றி: 2014-ல் மாடி எடுத்திருக்கிறார்கள். இப்போது புது பெயிண்ட். ஆனாலும் கிழக்குப் படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஒரு விரிசல் தெரிகிறது. கீழ்த்தளக் குளியலறையின் கூரைப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கிறது. "பேங்க் இன்ஜினியர் பார்த்துட்டார், வக்கீல் லீகல் கொடுத்துட்டார், இதுக்கு மேல எதுக்கும்மா சர்வே?" என்பது புரோக்கரின் கேள்வி. வாசகியின் கேள்வி இது: அரசு சர்வேயர், தனியார் டிஜிட்டல் சர்வே, இன்ஜினியர் ரிப்போர்ட் என்று மூன்று பேச்சு அடிபடுகிறது, எதைச் செய்வது? மனை சதுர அடி 2,500 ரூபாய் என்று பேசியிருப்பதால், இரண்டு அடி போனாலும் 90 சதுர அடிக்கு 2.25 லட்சம்தானே, அதைக் குறைத்துக்கொண்டு வாங்கிவிடலாமா?

சகோதரி, அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நஷ்டம் 2.25 லட்சம் அல்ல. கிழக்குப் பக்கச் சந்து மூன்று அடி என்றும், சமையலறைக் கழிவுநீர்க் குழாயும் அதன் சேம்பர்களும் அதில்தான் ஓடுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுவர் இரண்டு அடி உள்ளே வந்தால் மிஞ்சுவது ஒரு அடி. அந்த ஒரு அடியில் ஆள் நுழைந்து அடைப்பு எடுக்க முடியாது. ஜன்னல் சன்ஷேடு வழக்கமாக ஒன்றரை அடி நீளும். அதில் அரை அடி பக்கத்து மனைக்கு மேலே நிற்கும். பக்கவாட்டு இடைவெளி அனுமதி வரைபடத்தில் காட்டியதைவிடக் குறையும். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது, உங்களிடம் வாங்க வருபவர் இதையெல்லாம் கேட்பார். ஆகவே பேரம் பேசுமுன் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

வங்கி பார்த்தது வங்கிக்காக

புரோக்கர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அரைகுறை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கடன் திரும்ப வராவிட்டால் இந்தச் சொத்து எவ்வளவுக்கு விலைபோகும் என்று பார்க்க வருகிறார். சொத்து இருக்கும் இடம், அனுமதி வரைபடம், கட்டடப் பரப்பு, ஏறக்குறைய வயது, நான்கைந்து புகைப்படங்கள், அத்துடன் அவர் வேலை முடிந்தது. எல்லைக்கல்லைத் தேட மாட்டார், குளியலறைக் கூரையைத் தட்டிப் பார்க்க மாட்டார். வக்கீலின் கருத்துரை காகிதத்தைப் பற்றியது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் தெரியும்; சுவர் இரண்டு அடி நகர்ந்திருப்பது தெரியாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: "ஐந்து வருஷத்துக்கு வீட்டில் என்ன பழுது வந்தாலும் விற்றவர்தானே பொறுப்பு?" ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் அந்த ஐந்தாண்டுப் பொறுப்பு, திட்டம் போட்டுக் கட்டி விற்கும் புரமோட்டருக்கு உரியது. தனிநபர் விற்கும் பழைய வீட்டுக்கு அது வராது. இங்கே பொருந்துவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் வாங்குபவருக்குத் தெரியவராத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். நீங்களே கண்ணால் பார்த்து எனக்கு எழுதிவிட்ட விரிசலையும் துருக்கம்பியையும் "எங்களிடம் மறைத்துவிட்டார்" என்று பிறகு சொல்வது கடினம்.

முதலில் நிலம்

நீங்கள் 'சர்வே' என்ற ஒரே பெயரில் கேட்டிருப்பவை இரண்டு வேலைகள். ஒன்று மனையின் எல்லையை அளப்பது, மற்றது கட்டடத்தின் உடல்நிலையைப் பார்ப்பது. ஆள் வேறு, கருவி வேறு. உங்கள் விஷயத்தில் நிலம்தான் முதலில். எல்லை சரியில்லை என்றால் கட்டடச் சோதனைக்குச் செலவு செய்ய வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

காசில்லாமல் ஆகும் காரியத்தை முதலில் முடியுங்கள். தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவும், எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டு விவரமும் வரும். நீங்கள் வாங்கும் மனைக்கு மட்டும் எடுக்காதீர்கள். கிழக்கு மனைக்கும் மேற்கு மனைக்கும் சேர்த்து எடுங்கள். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. உங்கள் 1.17 ஏர்ஸ் 1,259 சதுர அடி ஆகிறது. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் 91 சதுர அடி வித்தியாசம். அதை 45 அடி நீளத்தால் வகுத்தால் இரண்டு அடி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் அதே இரண்டு அடி! அவர் பொறாமையில் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ள இனி இடமில்லை.

இந்த இரண்டு அடி எப்படித் தொலைந்திருக்கும்? மூன்று வழிகள் சாதாரணமாக நடப்பவை. ஒன்று, லேஅவுட் போட்டவர் காகிதத்தில் வரைந்த மனைகளின் கூட்டு அகலம் தரையில் இருந்த நிலத்தைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். உட்பிரிவு செய்தபோது அந்தக் குறைச்சல் இந்த மனையின் தலையில் விழுந்திருக்கும். இரண்டு, தெரு முனையிலிருந்து வரிசையாக வீடு கட்டியவர்கள் கல்லிலிருந்து அளக்காமல் முந்தைய வீட்டுச் சுவரிலிருந்து அளந்திருக்கலாம். ஒவ்வொருவரும் மூன்று அங்குலம் தள்ளினால் எட்டாவது வீட்டுக்கு வரும்போது இரண்டு அடி நகர்ந்துவிடும். ஆனால் அப்படி நகர்ந்திருந்தால் பட்டாவில் பரப்பு குறைந்திருக்காது. இடம் மட்டும்தான் மாறியிருக்கும். உங்கள் பட்டாவே குறைவாக இருப்பதால் முதல் காரணத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. மூன்றாவது, சுவரை வேண்டுமென்றே தள்ளிக் கட்டியிருப்பது. அதை இப்போதே யார்மீதும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கு மனையின் பட்டாவில் 1.25 ஏர்ஸ் இருந்து, தரையில் டேப் 28 அடி காட்டினால், அவர் நிலம் உங்கள் பக்கம் இருக்கிறது. பட்டாவும் டேப்பும் அங்கே ஒத்துப்போனால் கதை வேறு. அப்போது மேற்கிலும் தெருப் பக்கத்திலும் தேட வேண்டும். அவரிடமே போய் மரியாதையாக, "அண்ணே, உங்க பத்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வாங்கினால் தினமும் அவர் முகத்தில்தான் விழிக்கப்போகிறீர்கள்.

செல்போன் ஆப்பை மறந்துவிடுங்கள். செல்போனின் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும். 30 அடி மனையில் இரண்டு அடியைக் கண்டுபிடிக்க அது ஆகாது.

தனியாரா, அரசா?

தனியார் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியோடு வந்தால் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார், கணினியில் அழகான வரைபடம் கொடுப்பார், ஒரே வாரத்தில் கையில் கிடைக்கும். ஆனால் கருவி துல்லியமாக இருப்பதால் தொடக்கப் புள்ளி சரியாகிவிடாது. இருக்கிற சுவர்களை அளந்துவிட்டு "30 அடி சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் டேப் சொன்னதையே காசு கொடுத்து இன்னொரு முறை கேட்டதாகிவிடும். தனியாரை அழைப்பதானால் வேலையை இப்படிச் சொல்லுங்கள்: "புல வரைபடத்தில் உள்ள கற்களில் குறைந்தது இரண்டையாவது தரையில் கண்டுபிடித்து, அங்கிருந்து எங்கள் மனையின் நான்கு மூலைகளைக் குறித்துக் கொடுங்கள். லேஅவுட் வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்." கல் கிடைக்கவில்லை என்றால் அறிக்கையில் அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஆனாலும் எல்லையைப் பற்றி ஒருவர் ஏற்கெனவே ஆட்சேபம் சொல்லிவிட்ட இடத்தில் தனியார் வரைபடம் யாரையும் கட்டுப்படுத்தாது. உங்களுக்குத் தேவை அரசு நில அளவர் வந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவது. வட்டாட்சியர் அலுவலக வட்டாரத்தில் இதை எஃப்-லைன் மனு என்பார்கள். தமிழ்நிலம் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு சிக்கல்: மனு போட வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். நீங்கள் இன்னும் வாங்கவில்லை. ஆகவே அவரை உட்காரவைத்துப் பேசி, அவர் பெயரில் மனு போடவைத்து, கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "அளக்கவே வேண்டாம்" என்று அவர் பிடிவாதம் பிடித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரர்களுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். கிழக்குக்காரர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு மனையை மட்டும் அளந்தால் போதாது, கல் இருக்கும் இடத்திலிருந்து வரிசையைப் பிடித்துக்கொண்டு வரும்படி நில அளவரிடம் கேளுங்கள். மூலைகளில் பெயிண்ட் புள்ளியோடு விடாமல் கல் நட்டுவிடுங்கள். கையெழுத்திட்ட வரைபடத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். மறுத்தார் என்று பதிவானாலே போதும்.

ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: நில அளவர் காட்டுவது பதிவேட்டின்படி கோடு எங்கே என்பதை. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம். "22 வருஷமா அனுபவத்துல இருக்கு, பன்னிரண்டு வருஷம் தாண்டினாலே எங்களுக்குத்தான்" என்று விற்பவர் சொல்லக்கூடும். எதிரிடை அனுபவ உரிமை என்பது கோர்ட்டில் வழக்காடி நிரூபிக்க வேண்டிய ஒன்று. அந்த வாதத்தை நம்பி வாங்கினால் வீட்டோடு ஒரு வழக்கையும் வாங்குகிறீர்கள்.

கோடு தெரிந்த பிறகு உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும். கிழக்குக்காரர் அந்த இரண்டு அடித் துண்டை விற்பவருக்கோ உங்களுக்கோ பதிவுப் பத்திரம் மூலம் கொடுக்கச் சம்மதித்தால், அதுதான் நல்லது. வாய்ச்சொல்லும் வெள்ளைத்தாளும் ஆகாது. இல்லையென்றால் கிரயத்துக்கு முன் விற்பவர் செலவிலேயே சுவரைச் சரியான கோட்டுக்கு மாற்றி, சேம்பர்களையும் இடம் மாற்றி, 28 அடி அகலம் என்றே பத்திரம் எழுதி, அதற்கேற்ற விலையைப் பேசலாம். இரண்டும் நடக்காது என்றால் விலகிவிடுங்கள். பட்டா குறைவாக இருக்கும்போது பழைய பத்திரத்தைப் பார்த்து 1,350 என்றே எழுதிக்கொள்வதால் 1,350 வந்துவிடாது. பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் கோர்ட்டுகள் பொதுவாக நான்கெல்லையைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

பிறகு கட்டடம்

அ-பதிவேட்டை எடுத்ததும் அந்த சர்வே எண் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். காட்பாடிப் பக்கம் ஏரிப் பாசன நிலங்கள் பல மனைகளாகிவிட்டன. முன்னாள் நெல் வயலில் களிமண் இருந்தால் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். கடைக்கால் ஆழமில்லாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு விரிசல் விழுவது அப்படித்தான். புல வரைபடத்தில் வாய்க்கால், ஓடைக் கோடு எதுவும் அருகில் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளின் உபரிநீர் போகும் பக்கமாக இருந்தால், பாலாற்றில் வெள்ளம் போன 2021 நவம்பரில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று இரண்டு வீடு தள்ளிக் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

அழைக்க வேண்டியவர் வீடு கட்டித் தரும் மேஸ்திரியோ பிளான் போடுபவரோ அல்ல. கட்டமைப்புப் பொறியாளர், அதாவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். முதல் நாள் கண்ணாலும் சுத்தியலாலும் பார்க்கட்டும். எல்லாச் சோதனையும் சேர்ந்த பேக்கேஜ் என்று யாராவது தூண்டில் போட்டால் விலகி நில்லுங்கள். அவர் முன் நீங்கள் வைக்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்.

முதல் கேள்வி, மாடியைத் தாங்கும்படிதான் கீழே கட்டியிருக்கிறார்களா? காலம் (கான்கிரீட் தூண்) போட்ட வீடா, ஒன்பது அங்குலச் சுவர் சுமக்கும் வீடா? சுவர் சுமக்கும் வீடு என்றால், பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரு சோதனைக் குழி எடுத்தால் கருங்கல் கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். காலம் இருந்தால் கம்பி கண்டறியும் கருவியால் கம்பிகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் பார்க்கலாம். 2014 மாடிக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதைக் காகிதத்தில் தனியாகக் கேளுங்கள். சொத்து வரி ரசீதில் மாடி ஏறியிருப்பது அனுமதி ஆகாது.

இரண்டாவது, அந்த விரிசல் உயிரோடு இருக்கிறதா? சுவரின் வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருந்தால், ஒரு பக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை என்றால் விட்டுவிடலாம். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலின் வேலை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஏழெட்டு வாரம் அதற்கு ஓரளவு போதும். இதற்கிடையே மறுபடி பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, குளியலறைக் கூரையின் துரு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? மேலே மாடிக் குளியலறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கசிவு அங்கிருந்து வரலாம். துரு அந்த ஒரு அறையோடு நின்றிருந்தால் பழுது பார்த்துவிடலாம். மற்ற அறைக் கூரைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தில் பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டு விலகியிருக்கிறது. சந்தேகம் வந்தால் மட்டும் அடுத்த கட்டம். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை போய்விட்டது என்று பொருள். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரை மின்கலச் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டினால் அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க மிகுந்த வாய்ப்பு.

ரீபவுண்ட் ஹேமரை மட்டும் நான்கு இடத்தில் அடித்துவிட்டு "கான்கிரீட் ஸ்ட்ராங்" என்று எழுதித் தரும் அறிக்கையை ஏற்காதீர்கள். அந்தக் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஏறிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் கெட்டிப்பட்டிருப்பதால், உண்மையான வலிமையைவிடக் கூட்டிக் காட்டும். 22 வருட வீட்டில் இது சாதாரணம். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் இத்தகைய சோதனைகளுக்கு ஆள் கிடைப்பார்களா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு.

ஒப்பந்தத்தை இப்போதே மாற்றுங்கள்

உங்கள் மூன்று மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ன் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். நில அளவர் எப்போது வருவார் என்பது உங்கள் கையில் இல்லை, அவர் வருவதற்குள் கெடு முடிந்துவிடலாம். அதனால் உங்கள் வக்கீலிடம் சொல்லிப் புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் மூன்று வரிகள் கட்டாயம் வரட்டும்: அரசு நில அளவர் அத்து காட்டிய நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் கிரயம்; அளவு 1,350 சதுர அடிக்குக் குறைந்தால் விலை மறுபடி பேசப்படும் அல்லது வாங்குபவர் விலகலாம்; அப்படி விலகினால் 3 லட்சமும் பிடித்தம் இல்லாமல் இத்தனை நாளில் திரும்ப வரும். விற்பவரின் மகன், மகளுக்குச் சொத்தில் பங்கு இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். புரோக்கர் கமிஷனைக் கிரயத்தன்று தருவதாகச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.